ஆமினாவின் கையும் அண்டாத் தண்ணீரும்

ஊரில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால் முதலில் பள்ளிவாசலுக்குச் சொல்ல வேண்டும், அப்புறம் ஆமினாவுக்கு. அவசரத்தில் சிலர் இந்த வரிசையை மாற்றிவிடுவார்கள். பள்ளிவாசல் அதைக் கண்டுகொண்டதில்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே, நான்கு பக்கமும் வயல் சூழ்ந்த அந்தச் சிற்றூரில் இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டி அனுப்பிவைப்பது இருபது வருஷமாக அவள் பொறுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது, பதவி என்றும் சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் அவள் கைக்குத்தான் போயாக வேண்டும் என்பதால், உயிரோடு இருக்கிற பெண்கள் அவளிடம் கொஞ்சம் பார்த்தே பேசினார்கள்.

அந்த வேலையில் எது கஷ்டம் என்று கேட்டால் தண்ணீர் என்பாள். இறந்தவருக்கும் வலிக்கும், அவருக்கும் சுடும் என்று நினைத்துக்கொண்டுதான் குளிப்பாட்ட வேண்டும். இலந்தை இலை போட்டுக் கொதிக்கவைத்த அண்டாத் தண்ணீரோடு பச்சைத் தண்ணீரை விளாவி, உயிரோடு இருப்பவர் சுகமாகக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சூட்டை அளக்கக் கருவி எதுவும் ஊரில் இல்லை. ஆமினாவின் வலது கை இருந்தது. மணிக்கட்டு வரை முக்கிப் பார்த்து அவள் "ம்" என்றால் தண்ணீர் சரி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மார்கழிக் குளிரில் பெற்ற பிள்ளையைக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டுகிற வீடுகளில்கூட மையத்துக்கு, அதாவது இறந்த உடம்புக்கு, மட்டும் வெந்நீர் தயாராகும். உடம்பின் சூட்டைப் பற்றிய கவலை அடியோடு விட்டுப்போன ஒருவருக்காகத்தான் மனிதர்கள் அத்தனை கவனமாகச் சூடு பார்க்கிறார்கள்.

குளிப்பாட்டும்போது கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது இன்னொரு முறை. இதனால் ஊரில் அதிக விஷயம் தெரிந்த பெண்ணும் குறைவாகப் பேசுகிற பெண்ணும் ஒரே ஆளாக இருந்தாள்.

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு ஆமினாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து தைராய்டு சுரப்பியை முழுசாகவே எடுத்துவிட்டார்கள். அந்தச் சுரப்பி செய்துகொண்டிருந்த வேலையை அன்றிலிருந்து ஒரு சின்ன மாத்திரை செய்துவந்தது. விடிகாலைத் தொழுகைக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து டீ. மகன் ஜாபிர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்ததால் மாத்திரைக்குப் பஞ்சமில்லை. உடம்பும் ஒழுங்காக இருந்தது.

இந்த வருஷ நோன்பில் ஒழுங்கு குலைந்தது. பள்ளிவாசலில் விடிகாலைப் பாங்கு சொன்ன பிறகு மாலை வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்கக் கூடாது. ஆகவே மாத்திரை, விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டது. சோறு, குழம்பு, வாழைப்பழம், மூட்டுவலிக்கான கால்சியம் மாத்திரை, எல்லாம் முடிந்து பாங்கு சொல்லப் போகிற நேரத்தில் கெட்டியான பால் டீ ஒரு தம்ளர், அதோடு தைராய்டு மாத்திரை. ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. பெருநாள் முடிந்து ஆறு நோன்பு வைத்தாள், அப்போதும் அதே டீ, அதே மாத்திரை. அதன் பிறகு காலையில் சாப்பிடத் தடை எதுவும் இல்லைதான். ஆனால் டீயோடு விழுங்கினால் தொண்டையில் ஒட்டாமல் போகிறது என்று கண்டுபிடித்திருந்ததால் பழக்கம் தங்கிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் மாத்திரை அட்டையின் பின்னால் 'வெறும் வயிற்றில்' என்று எழுதிக் கொடுக்கிற ஜாபிர், தன் அம்மாவுக்கு அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. வீட்டு ஆளுக்கு எழுதிக் கொடுப்பது மரியாதையாக இராது என்று நினைத்திருக்கலாம்.

சித்திரை பிறந்ததும் ஆமினாவுக்குக் குளிரெடுத்தது.

வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. வயல்களில் பருத்தி வாடி நின்றது. அவள் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டு, ஃபேனை நிறுத்தி, கதவையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் கரகரத்துப் போயிற்று. முகம் ஊதியது. விரல் நுனிகள் மரத்துப்போய், ஜாக்கெட் ஊக்கு மாட்டுவதற்குள் பாதி காலை போய்விடும். ஜாபிர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான். தொண்ணூற்றைந்து காட்டியது. கடையிலிருந்து வேறொன்று கொண்டுவந்தான், அதுவும் அதையே சொன்னது. மூன்றாவது கருவி கொஞ்சம் கூடக் காட்டியதால் அதை நம்பினான். காய்ச்சல் மாத்திரை எடுத்து வைத்தான்.

"காச்சலே இல்லையேடா."

"குளுருதுன்னு சொல்றீங்கள்ல? குளுந்தா அடுத்தது காச்சல்தான். வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்குங்க."

"வராட்டி?"

"மாத்திரையாலதான் வரலன்னு வச்சுக்குவோம்."

ஏறிய சூட்டை இறக்குவதற்கென்று செய்த மாத்திரை, ஏறாத சூட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வயிற்றில் சும்மா கிடந்தது.

எதிர்வீட்டில் இதற்கு நேர்மாறான கதை நடந்துகொண்டிருந்தது. அது நூர்ஜஹானின் வீடு. அவளும் ஆமினாவும் ஒரே வருஷம் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நூர்ஜஹானுக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். அது புற்றுநோய். பெண்களின் உடம்பில் ஊறுகிற ஒரு ஹார்மோன்தான் அவளுடைய கட்டிக்குத் தீனி என்று சொல்லி, அதை ஊறவிடாமல் தடுக்க மாத்திரை கொடுத்தார்கள். மூளைக்குள் உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொண்டிருக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த ஹார்மோன் இல்லாமல் போனதும் அது தடுமாறிப்போய், ஒன்றுமில்லாததற்கெல்லாம் வீடு பற்றிக்கொண்டதென்று ஊரைக் கூட்டும். நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று அனல் ஏறும், தலையணை நனைகிற அளவுக்கு வேர்க்கும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கும். இப்போது நோய் எலும்புக்குப் பரவி அவள் படுக்கையாகிவிட்ட பிறகும் அனல் மட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

பிற்பகலில் அஸர் தொழுத பிறகு ஆமினா போவாள். ஸ்வெட்டரோடு போய், முழு வேகத்தில் சுற்றுகிற ஃபேனுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து, நூர்ஜஹானின் நெற்றியில் கையை வைப்பாள்.

"கையா இது? ஐஸ் பொட்டி."

"உன் நெத்தியில ஆப்பம் ஊத்தலாம்."

"எடுக்காதடி. இருக்கட்டும்." நூர்ஜஹான் கண்ணை மூடிக்கொள்வாள். "ரெண்டு பேரையும் ஒரு அண்டாவுல போட்டு விளாவுனா உருப்படியா ஒரு பொம்பள கெடைப்பா."

அப்படிக் கை வைத்திருந்த ஒரு நாளில்தான் அவள் கேட்டாள்.

"என்னை நீதான் குளிப்பாட்டணும் ஆமி."

"பேசாம படு."

"வேற எவளும் என் நெஞ்சைப் பாக்கக் கூடாது. பாத்தா சொல்லிக்கிட்டுத் திரிவாளுங்க. 'இங்கிருந்து இது வரைக்கும் வெட்டியிருக்கு'ன்னு மொழம் போட்டுக் காட்டுவாளுங்க. சரின்னு சொல்லு."

"சரி."

ஆமினா எதற்கும் சரி என்று சொல்லிவிடுகிறவள் அல்ல. சொன்னதோடு விஷயம் முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் மேலத்தெருவில் மர்யம் இறந்துபோனாள். மகள் அனீஸா பக்கத்தில் நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். சுற்றிலும் சேலைகளைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஆமினா வெந்நீரை வாளியில் விட்டு, பச்சைத் தண்ணீரைக் கலந்து, கையை முக்கினாள். சூடு போதவில்லை. இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டாள். மறுபடியும் முக்கினாள். அப்போதும் போதவில்லை. குளிரில் உறைந்து கிடக்கிற தன் உடம்புக்கு எது சுகமோ அதைத்தான் அவள் கை தேடியது. மரத்துப்போன விரலோ எந்தச் சூட்டையும் சூடு என்று ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை வெந்நீர் விட்டுப் பார்த்து "ம்" என்றாள்.

அனீஸா சொம்பை வாளிக்குள் விட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மாமி, கொதிக்குது."

"வெதுவெதுன்னுதானே இருக்கு?"

ஆமினா கையைத் திரும்பவும் உள்ளே விட்டாள். எடுக்காமல் வைத்திருந்தாள். திரைக்குள் இருந்த மற்ற இரண்டு பெண்கள் அந்தக் கையையே பார்த்தார்கள். மணிக்கட்டு வரை சிவந்துகொண்டு வந்தது. அதைக் கடைசியாகப் பார்த்தவள் ஆமினாதான்.

"எங்கம்மாவுக்குச் சூடு தாங்காது மாமி," என்றாள் அனீஸா. அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னாள்.

யாரோ பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஆமினா வேலையை முடித்தாள். மர்யம் மேல் அந்தக் கொதிக்கிற தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் விஷயம் மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்குப் போனபோது மையத்தின் தோளில் தோல் உரிந்திருந்தது. கண்டதைச் சொல்லக் கூடாது என்கிற கட்டுப்பாடு குளிப்பாட்டுகிறவளுக்குத்தான். குளிப்பாட்டுகிறவளைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு விழுந்த மையத்துக்குக் கீழத்தெருவிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். "ஆமினாக்கா பாவம், உடம்பு முடியாதவங்க, ஓய்வெடுக்கட்டும்" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள். இது வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று ஆமினாவுக்குத் தெரிந்தது. வருத்தம் வரவில்லை. எங்கேயோ தூரத்தில் யாருக்கோ நடந்தது மாதிரி இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகள் வைத்த டீ ஆறியது.

நூர்ஜஹானுக்கு வருத்தம் வந்தது. ஜாபிரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"கடையில எத்தனை மாத்திரைடா வச்சிருக்கே?"

"நெறைய இருக்கு மாமி. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். அத்தனை மாத்திரையையும் வச்சுக்கிட்டு உங்கம்மாவைக் காயப்போட்டிருக்கியே, அதுக்குத்தான் கேட்டேன். என்னைத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி அவளை மன்னார்குடிக்குத் தூக்கிட்டுப் போ."

மன்னார்குடியில் டாக்டர் செம்மொழி இளம் வயதுக்காரி. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஆமினாவின் கையைப் பிடித்தாள். சட்டென்று விடவில்லை. வெளியே வெயில் அடித்த அடியில் அவளுக்கும் அது இதமாக இருந்திருக்க வேண்டும்.

"மாத்திரை போடுறீங்களாம்மா?"

"ஒரு நாளும் விட்டதில்ல டாக்டரம்மா."

"எத்தனை மணிக்கு?"

"சஹர்ல. டீயோட."

செம்மொழி நாட்காட்டியைப் பார்த்தாள். "நோன்பு முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா."

"ஆமா. டீ முடியலை."

வேறு மாத்திரை உண்டா என்று செம்மொழி கேட்டாள். கால்சியம் வெளியே வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"கால்சியமும் பால் டீயும் சேந்தா இந்த மாத்திரையை உடம்புல சேரவே விடாதும்மா. உங்க உடம்புக்கு இதுதான் வெறகு. வெறகு வாசல் வரைக்கும் வருது, அடுப்புக்குப் போகலை. அதான் குளுருது, விரல் மரத்துப்போகுது, மனசும் மந்தமா இருக்கும். நோன்புன்னா ராத்திரி படுக்கப் போறப்ப, சாப்பிட்டு ரொம்ப நேரம் கழிச்சுப் போட்டிருக்கலாம். யாரும் சொல்லலையா?"

ஜாபிர் சீலிங் ஃபேனைப் பார்த்தான்.

"தம்பி என்ன பண்றாரு?"

"மருந்துக்கடை."

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவன் சொன்ன மூன்று தெர்மாமீட்டரில் முதல் இரண்டும் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

"கை எப்ப சரியாகும்?" என்று கேட்டாள் ஆமினா.

"குளுரு கொஞ்சங் கொஞ்சமாக் குறையும், வாரக்கணக்காகும். விரல் இன்னும் மெதுவா. அது வரைக்கும் அடுப்படியில ஜாக்கிரதை. சூடு உங்களுக்குத் தெரியாது."

"அவளுக்கு அத்தனை வாரம் இருக்குமான்னு தெரியலை."

யாருக்கு என்று டாக்டர் கேட்டாள். ஆமினா எழுந்துகொண்டாள்.

அன்று நூர்ஜஹானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நூர்ஜஹான் சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது. "டீயாடி? நான் என்னென்னமோ நெனச்சேன்." அப்புறம் நெற்றியில் இருந்த கையை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "நீ குணமாயிட்டா எனக்கு யாரு கை வைப்பா? மெதுவாவே குணமாகு."

"உன் சௌகரியத்துக்கு."

"வேற எதுக்கு?"

சில நாள் கழித்து நோயாளியைப் பார்க்க மேலத்தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள். அனீஸாவும் வந்திருந்தாள். ஆமினா இருந்ததால் எல்லாரும் வெயிலைப் பற்றியே பேசினார்கள். அது முடிந்ததும் கரண்ட்டைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் நூர்ஜஹானுக்கு அனல் ஏறியது. முகம் சிவந்து, வேர்த்து, அடங்கியது. அடங்கியதும் தலையைத் தூக்கிச் சொன்னாள்.

"எல்லாரும் இருக்கீங்க, கேட்டுக்குங்க. எனக்கு வெந்நி கூடாது. பச்சத்தண்ணிதான் ஊத்தணும்."

யாருக்கும் உடனே புரியவில்லை. புரிந்ததும் ஒருத்தி, "என்ன பேச்சு இது, நல்லாயிருவீங்க" என்றாள்.

"நல்லாயிட்டா நானே ஊத்திக்கிறேன். ஆகாட்டி பச்சத்தண்ணி."

"மையத்துக்கு வெந்நிதானே மாமி வழக்கம்?" என்றாள் அனீஸா.

"வழக்கந்தான். மூணு வருசமா வெந்துக்கிட்டு இருக்கேன், மௌத்துக்கப்புறமும் வேகணுமா? வெந்நி ஊத்துனா எந்திரிச்சு உக்காந்துருவேன். அப்புறம் யாரு பொறுப்பு? தப்புன்னா பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லு."

கேட்டார்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதும், சுட வேண்டும் என்று கட்டாயமில்லை என்று பதில் வந்தது. ஊர் இத்தனை காலம் விறகை எரித்தது தன் திருப்திக்குத்தான் போலிருக்கிறது.

"ஆமி, காதுல விழுந்துச்சா?" என்றாள் நூர்ஜஹான்.

"விழுந்துச்சு."

விழுந்ததே தவிர, அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று ஆமினாவுக்கு அன்று உறைக்கவில்லை. அனீஸாவுக்கு உறைத்தது. போகும்போது அவள் ஆமினாவின் சிவப்பு மாறிய கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு பகல் வேளையில் நூர்ஜஹான் இறந்துபோனாள். ஆமினா கை வைத்திருந்தபோது அல்ல. அவள் மாத்திரை போட்டுவிட்டு, டீக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கக் கற்றுக்கொண்டு, இரண்டு வாரம் ஆகியிருந்தது. எதிர்வீட்டுக்குள் அவள் ஸ்வெட்டரோடு நுழைந்தபோது கொல்லையில் கீழத்தெருப் பெண்கள் பழக்கதோஷத்தில் அண்டாவை அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். அதில் இலந்தை இலை கொதித்துக்கொண்டிருந்தது.

ஆமினாவைக் கண்டதும் யாரோ பாயை விரித்தார்கள்.

"நீங்க உக்காருங்கக்கா," என்றாள் ஒருத்தி. "நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

ஆமினா உட்காரவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பொய் சொல்லவும் வராது.

அனீஸா உள்ளேயிருந்து வந்தாள். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். புகை எல்லார் கண்ணிலும் பட்டது.

"நூர்ஜஹான் மாமி பச்சத்தண்ணின்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்களுந்தான் கேட்டீங்க. சூடு பாக்குற வேலையே இல்ல." பிறகு ஆமினா பக்கம் திரும்பினாள். "வாங்க மாமி. நான் தண்ணி எடுத்துக் குடுக்கறேன்."

சேலைத் திரைக்குள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். மாடியில் இருந்த கறுப்புத் தொட்டியிலிருந்து குழாய் வழியாக வாளியில் தண்ணீர் விழுந்தது. அனீஸா கை வைத்துப் பார்த்தாள். காலையிலிருந்து வெயிலில் கிடந்த தொட்டி.

"வெதுவெதுன்னு இருக்கு மாமி," என்றாள் மெதுவாக. "சரியா இருக்கு."

ஊர் வழக்கமும் நூர்ஜஹானின் கடைசி விருப்பமும் ஒரே குழாயில் வந்தன. அவள் இருந்திருந்தால் இதற்கு ஏதாவது சொல்லியிருப்பாள். ஆமினா தண்ணீருக்குள் கையை விடவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

மேலே போர்த்திய துணி விலகாமல் அதற்குள்ளேயே கைவிட்டுக் கழுவினாள். இடது பக்கம் வந்தபோது அனீஸா சொல்லாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரத்த விரல்களுக்குத் தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. அதனால் மொழம் போட்டுக் காட்ட ஆமினாவிடமும் ஒன்றும் இல்லை. கடைசியாக, கற்பூரம் கலந்த தண்ணீரை ஊற்றி முடித்துத் துடைக்கும்போது பழக்கத்தில் நெற்றியில் கை வைத்தாள். நெற்றி இன்னும் சூடாக இருந்தது. அவள் கைக்கு அப்படித்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

ஆண்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஆமினா அழவில்லை என்பதைப் பெண்கள் கவனித்தார்கள். கல் நெஞ்சு என்று ஒருத்தியும், கையே அப்படித்தானே என்று இன்னொருத்தியும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகள் வழக்கம்போல ஸ்வெட்டரை எடுத்து நீட்டியவள், நீட்டிய கையோடு நின்றாள்.

"மாமி, வேத்திருக்கு."

ஆமினா மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு எதுவும் தெரியவில்லை. விரலைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தபோது ஈரம் பளபளத்தது.

"ஃபேனைப் போடு," என்றாள்.

மருமகள் சுவிட்சைத் தட்டினாள். திரும்பவும் தட்டினாள். "கரண்ட் இல்ல மாமி."

"எப்ப வரும்?"

"தெரியலையே."

எதிர்வீட்டில் யாரோ திரையாகக் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமினா தன் கையை எடுத்துத் தன் நெற்றியிலேயே வைத்துப் பார்த்தாள். நூர்ஜஹான் சொன்ன அளவுக்கு ஒன்றும் குளிர்ச்சியாக இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கரண்ட்டுக்காகக் காத்திருந்தாள்.